பல்லும் சொல்லும் உடலும்

பொருநைக் கரையில் ஒரு சிற்றூர் மதரசாவில் நாம் ஓதிய நாளில், தஜ்வீதுப் பாடம் பல்லைப் பற்றிய பேச்சோடுதான் தொடங்கிற்று. எழுத்துகள் பிறக்கும் இடங்களை அறிய வேண்டுமாயின் முதலில் வாயை அறிய வேண்டும் என்பார் எம் ஹஜ்ரத். ஸனாயா நான்கு, ரபாஇய்யாத் நான்கு, அன்யாப் நான்கு, ளவாஹிக் நான்கு, தவாஹின் பன்னிரண்டு, நவாஜித் நான்கு, ஆக 32 என்று விரல் மடக்கி எண்ணி ஒப்புவிப்போம். ஸா முதலிய மூன்று எழுத்துகள் நாநுனி மேல்முன்பற்களின் விளிம்பைத் தொடப் பிறப்பவை. ஃபா என்பது மேல்முன்பல்லின் முனை கீழுதட்டின் உட்புறத்தைத் தொடப் பிறப்பது. பின்னர் தமிழ் இலக்கணம் பயின்றபோது தொல்காப்பியப் பிறப்பியல் எமக்கு வியப்பூட்டியது. எழுத்து பிறத்தற்குரிய எட்டிடங்களுள் பல்லும் ஒன்று என அந்நூல் வைக்கிறது. வகரம் பல்லும் இதழும் இயையப் பிறக்கும் என்கிறது. அரபு இலக்கணிகளும் தமிழ் இலக்கணிகளும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே வாயை இவ்வளவு நுணுகி நோக்கியிருக்கிறார்கள்!

அந்த ஹஜ்ரத் அவர்களுக்கு அப்போது ஐம்பத்தைந்து வயதிருக்கலாம். அவர்களுடைய முன்பற்கள் ஆடத் தொடங்கியிருந்தன. மிஸ்வாக் குச்சியின் நுனியில் நாள்தோறும் சிவப்புக் கறை படியும். "உடற்சூடு" என்பார்கள். ஓராண்டுக்குள் மேல்முன்பற்கள் நான்கும் விழுந்தன. அதன்பின் ஸா எழுத்து வரும் இடத்தில் அவர்கள் நிறுத்திக்கொள்வார்கள். மூத்த மாணவர் ஒருவரைச் சுட்டி, "நீ சொல்லிக் காட்டு" என்பார்கள். முப்பதாண்டுக்கும் மேலாக அந்த எழுத்தைப் பிறருக்குத் திருத்திக் கொடுத்தவர், அதைத் தாமே சொல்ல இயலாமற் போனார். பல் போனால் சொல் போயிற்று என்னும் பழமொழியை நாம் ஏட்டில் படித்து அறியவில்லை. அந்த முகத்தைப் பார்த்து அறிந்தோம்.

அவர்களுக்கு நீரிழிவும் இருந்தது. காற்புண் ஆறாமல் நெடுநாள் துன்புற்றார்கள். வாயிலிருந்த புண்ணுக்கும் காலிலிருந்த புண்ணுக்கும் உறவுண்டோ என்று அன்று ஒருவரும் கேட்கவில்லை. அக்கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு. அதனை ஓரளவு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பள்ளத்தாக்கின் பழக்கங்கள்

பொதிகையில் தோன்றிப் புன்னைக்காயல் அருகே கடலிற் கலக்கும் தாமிரபரணியின் தென்கரையில் ஆதிச்சநல்லூர் உள்ளது. இன்று அது தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்தது. 1876இல் பெர்லினிலிருந்து வந்த ஜாகர் என்பாரும், 1899 முதல் சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீ என்பாரும், 2004, 2005 ஆண்டுகளில் இந்தியத் தொல்லியல் துறையினரும் அங்கு அகழ்ந்தனர். தாழிகளினின்றும் மனித எலும்புகள் வெளிப்பட்டன. மனித உடலில் மிகக் கடினமான பொருள் பல்லின் மேற்பூச்சே ஆகும். தசை மண்ணாகி, எலும்பும் பொடியான பின்னரும் பல் நிலைத்து நிற்பதுண்டு. மண்ணுக்குள் ஆயிரமாயிரம் ஆண்டு அழியாதிருக்க வல்ல பல், உயிருள்ள வாயில் ஐம்பது ஆண்டு நிலைக்காமற் போவதேன்? பல் தானே கெடுவதன்று. அதைத் தாங்கும் ஈறும் எலும்பும் கெடுவதாலேயே பெரும்பாலும் முதிர்ந்த வயதில் பல்லை இழக்கிறோம்.

நம் முன்னோர் பல்லைப் பேணாதவரல்லர். ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் வேப்பங்குச்சியும் இப்பள்ளத்தாக்கில் எங்கும் கிடைத்தன. ஆலையும் வேலையும் பல்லின் உறுதியோடு சேர்த்துப் பேசும் பழமொழி அறியாதார் இல்லை. நெல் விளையும் நிலமாதலின் உமிக்கரிக்கும் குறைவில்லை. உமியைச் சுட்டுக் கரியாக்கி, உப்புச் சேர்த்து விரலால் தேய்ப்பது நம் இல்லங்களில் அண்மைக் காலம் வரை இருந்த வழக்கம். பல் வெளுக்கும் என்பது மெய்யே. ஆயினும் கரியும் செங்கற்பொடியும் நாளடைவில் பல்லின் மேற்பூச்சை அராவிவிடும். விரலோ பல்லிடுக்கில் புகாது.

வெற்றிலை வேறொரு பழக்கம். இப்பகுதியைச் சேர்ந்த ஆத்தூர் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது. நிக்காஹ் விருந்தில் வெற்றிலைத் தட்டு இல்லாத வீடு முன்பு இல்லை. ஆனால் இலையோடு பாக்கும் புகையிலையும் சேரும்போது நிலைமை மாறிவிடுகிறது. பாக்கு புற்றுநோய்க்குக் காரணமாகும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட தன் அறிக்கையில் அறுதியிட்டது. புகையிலைக்கு மற்றொரு வஞ்சகமும் உண்டு. ஈற்று நோய் இருந்தாலும் இரத்தம் கசிவதை அது குறைத்துக் காட்டும். நோயுடையவர் நலமாக இருப்பதாக எண்ணியிருப்பார். உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருக்கும்.

குச்சியும் அதன் குறிக்கோளும்

மிஸ்வாக்கின் சிறப்பை இவ்விதழின் வாசகர்களுக்கு நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. சமுதாயத்துக்குச் சிரமமாகிவிடும் என்ற அச்சம் இல்லையாயின் ஒவ்வொரு தொழுகையின்போதும் பல் துலக்குமாறு கட்டளையிட்டிருப்பேன் என்னும் கருத்துப்பட நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதை அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். பெருமானாரின் இறுதி வேளையிலும் அப்துர் ரஹ்மான் (ரலி) கையிலிருந்த குச்சியை அவர்களுடைய கண்கள் நாடியதும், ஆயிஷா நாயகி (ரலி) அதை மென்று மிருதுவாக்கிக் கொடுத்ததும் ஹதீஸ் நூல்களில் உள்ளன. உலகை விட்டுப் பிரியும் வேளையிலும் வாய்த் தூய்மையை நாடிய பெருந்தகையின் உம்மத்தினர் நாம்.

அக்குச்சி தரும் 'அராக்' மரம் தமிழகத்துக்கு அயலானதன்று. சங்க நூல்கள் உகாய் என்று குறிப்பது இம்மரத்தையே என்று தாவர நூலார் கருதுவர். அதன் நாரில் கிருமிகளை அடக்கும் பொருள்களும், பல்லை மெருகேற்றும் மணற்சத்தும் உள்ளமையை இக்கால ஆய்வுகள் காட்டியுள்ளன.

இங்கு ஃபிக்ஹு நூலார் கூறுவதைக் கருத வேண்டும். பொன்னானி ஷெய்கு ஜைனுத்தீன் மக்தூம் அவர்கள் பதினாறாம் நூற்றாண்டில் இயற்றிய 'ஃபத்ஹுல் முயீன்' நம் ஷாஃபிஈ மதரசாக்களில் தலைமுறை தலைமுறையாக ஓதப்பெறுவது. சொரசொரப்பான எப்பொருளாலும் பல் துலக்கும் சுன்னத்து நிறைவேறும்; அராக் குச்சி மேலானது என்பதே அதன் முடிவு. பல்லில் படிந்த மஞ்சட்படிவையும் வாயின் மாற்றத்தையும் நீக்குவதே குறிக்கோள் என்பது இதனால் விளங்கும். ஆகவே தூரிகை கொண்டு துலக்குவோரைக் குறைகூறுவதற்கும் இடமில்லை. குச்சியைச் சட்டைப்பையில் அழகுக்கு வைத்துக்கொண்டு, முன்பல்லில் இருமுறை இழுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்றிருப்பதற்கும் இடமில்லை. எம் ஹஜ்ரத் ஒருநாளும் குச்சியை மறந்தாரில்லை. ஆயினும் ஈற்றுக்கடியில் இறுகிவிட்ட படிவைக் குச்சி அகற்றாது என்பதை அவர்களுக்குச் சொல்வார் இல்லை.

அந்தலூசியாவின் அறுவை அறிஞர்

அதைச் சொன்ன ஒருவர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நம்மிடையே இருந்தார். கொர்தோவா நகருக்கு அருகிலிருந்த மதீனத்துஜ் ஜஹ்ராவில் தோன்றி, 1013இல் மறைந்த அபுல் காசிம் அஜ்ஜஹ்ராவீ அவர்களே அவர். 'அத்தஸ்ரீஃப்' என்னும் அவருடைய பெருநூல் முப்பது பகுதிகளை உடையது. இறுதிப் பகுதி அறுவை மருத்துவம் பற்றியது. பல்லின் உட்புறத்திலும் வெளிப்புறத்திலும் ஈறுகளுக்கிடையிலும் கரடுமுரடான படிவுகள் சேர்கின்றன; அவற்றால் பல் கறுத்தும் மஞ்சளித்தும் போவதோடு ஈறும் கெடுகிறது; ஆதலின் நோயாளியை அமர்த்தி, ஒரு முறையில் தீராவிடில் பலமுறையும் சுரண்டி எடுக்க வேண்டும் என்று அவர் விதிக்கிறார். இதற்கெனப் பதினான்கு வகைச் சுரண்டு கருவிகளைப் படம் வரைந்து காட்டினார். ஆடும் பற்களைப் பொற்கம்பியால் பிணைக்கும் முறையையும் எழுதினார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அப்பகுதி இலத்தீனில் பெயர்க்கப்பட்டு, ஐரோப்பிய மருத்துவர் பல நூற்றாண்டுகள் பயிலும் நூலாயிற்று.

இன்று பல் மருத்துவர் செய்யும் காரை நீக்கம் இதுவே. ஆனால் நம் ஊர்களில் "பல்லைச் சுரண்டினால் பல் ஆடிவிடும்" என்று அஞ்சுவோர் பலர். உண்மை என்னவெனில், எலும்பு முன்பே கரைந்துபோன பல்லைக் காரையே அசையாமல் ஒட்டவைத்திருக்கும். காரை போனதும் ஆட்டம் தெரிகிறது. அதற்குக் காரணம் சுரண்டியதன்று. சுரண்டக் காலம் தாழ்த்தியதே.

மேல்நாட்டார் செய்த பிழை

வாய் கெட்டால் உடல் கெடும் என்னும் எண்ணம் மேல்நாட்டில் ஒரு காலத்தில் வரம்பு மீறி வளர்ந்ததுண்டு. இலண்டன் மருத்துவர் வில்லியம் ஹண்டர் 1900இல் வாய்ச்சீழே பல நோய்களுக்கு மூலம் என்று எழுதினார். 1910இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில், அழுகலின் மேல் பொன்முடி சூட்டும் பல் வைத்தியத்தைச் சாடினார். அமெரிக்காவில் பலர் இக்கொள்கையைப் பற்றிக்கொண்டனர். மூட்டுவலிக்கும் வயிற்றுவலிக்கும் மருந்தாகப் பற்களைப் பிடுங்குவது வழக்கமாயிற்று. நியூஜெர்சி மாநிலத்து டிரென்டன் மனநோய் மருத்துவமனையின் தலைவராக 1907இல் அமர்ந்த ஹென்றி காட்டன் என்பார், பித்துப் பிடித்தோரின் பற்களையெல்லாம் பிடுங்கினார். அதனினும் கொடிதாக உள்ளுறுப்புகளையும் அறுத்து நீக்கினார். நோய் தீரவில்லை; பலர் உயிரிழந்தனர். 1940ஆம் ஆண்டளவில் இக்கொள்கை ஆதாரமற்றது எனக் கைவிடப்பட்டது. பின்னர் ஏறத்தாழ ஐம்பதாண்டுக் காலம் மருத்துவ உலகம் மறுகோடிக்குச் சென்று, பல்லுக்கும் உடலுக்கும் தொடர்பே இல்லாதது போல நடந்துகொண்டது. அளவின்றி நம்புவதும் அறவே மறுப்பதும் அறிவுக்கு ஒவ்வா என்பதற்கு இது நல்ல சான்று.

இந்தியாவின் பல் மருத்துவத் தந்தை

அக்காலத்தில் நம் நாட்டில் பல் மருத்துவக் கல்லூரியே இல்லை. அக்குறையைத் தீர்த்தவர் டாக்டர் ரஃபியுத்தீன் அகமது ஆவார். 1890இல் கிழக்கு வங்கத்தில் பிறந்து, அலிகாரில் பயின்று, அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 1915இல் பல் மருத்துவப் பட்டம் பெற்ற அவர், 1920இல் கல்கத்தாவில் இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தம் சொந்த முயற்சியால் நிறுவினார். 1925இல் பல் மருத்துவ இதழ் தொடங்கினார்; 1928இல் மாணவர்க்கு நூல் எழுதினார். 1949இல் கல்லூரியை மேற்கு வங்க அரசிடம் ஒப்படைத்தார். 1964இல் பத்மபூஷண் விருது பெற்று, அடுத்த ஆண்டு மறைந்தார். அக்கல்லூரி இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. தமிழகத்தில் சென்னை மருத்துவக் கல்லூரியின் பல் மருத்துவப் பிரிவு 1953இல்தான் தொடங்கிற்று. நெல்லையில் சித்த மருத்துவக் கல்லூரி 1964இலும், மருத்துவக் கல்லூரி 1965இலும் வந்தன. எம் ஹஜ்ரத்தின் தலைமுறையினர் ஈற்று நோய்க்கு முறையான மருத்துவரை அறியாதிருந்ததில் வியப்பில்லை.

தேயிலைத் தோட்டத்துத் தமிழர் வாய்

ஈற்று நோய் எவ்வாறு வளர்கிறது என்பதை உலகுக்கு உணர்த்தியதில் தமிழர்க்கு ஒரு பங்குண்டு. அவர்கள் விரும்பிப் பெற்ற பங்கன்று அது. நெல்லை, மதுரை, திருச்சி முதலிய மாவட்டங்களிலிருந்து கடல் கடந்து இலங்கை மலைகளுக்குச் சென்ற உழைப்பாளர் வரலாற்றை நாம் அறிவோம். அவர்தம் வழிவந்தோர் வாழ்ந்த டன்சினன், ஹாரோ என்னும் இரு தேயிலைத் தோட்டங்களுக்கு 1970இல் ஹரால்ட் லோ என்னும் நார்வே நாட்டறிஞர் தம் குழுவினரோடு வந்தார். முன்னதாக 1965இல் அவர் டென்மார்க்கில் நலமான 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் செய்து, 10 முதல் 21 நாள்களுக்குள் அனைவர்க்கும் ஈறு வீங்கியதையும், மீண்டும் துலக்கியதும் அது தணிந்ததையும் காட்டியவர். நாட்கணக்கில் ஈறு வீங்குமாயின், ஆண்டுக்கணக்கில் யாது நிகழும் என்பதே அடுத்த கேள்வி.

தூரிகையும் மருத்துவரும் எட்டாத 480 ஆண் தொழிலாளர்களின் ஈறுகளை அக்குழுவினர் 1985 வரை திரும்பத் திரும்ப அளந்தனர். அவர்கள் பற்களில் சொத்தை அரிது. பல் விழுந்ததெல்லாம் ஈற்று நோயாலேயே. நூற்றுக்கு 8 பேருக்கு நோய் விரைந்தோடிற்று. 81 பேருக்கு மெல்ல நடந்தது. 11 பேருக்கு ஈறு வீங்கியிருந்தும் நோய் மேற்செல்லவில்லை. விரைந்தோடிய பிரிவினர் சராசரியாக 35 வயதில் 12 பற்களையும், 40 வயதில் 20 பற்களையும், 45 வயதில் அனைத்துப் பற்களையும் இழந்தனர். ஒரே மலை, ஒரே உணவு, ஒரே அழுக்கு. எனினும் உடலுக்கு உடல் விளைவு வேறு. நோயை மூட்டுவது அழுக்கு. அது எவ்வளவு எரியும் என்பதை உடலின் இயல்பும் முடிவு செய்கிறது என்னும் பேருண்மை இதனால் வெளிப்பட்டது.

மருத்துவம் குறுக்கிடாதபோது நோய் எவ்வழி செல்லும் என்று அறிவதே அவ்வாய்வின் நோக்கம். உலகப் பல் மருத்துவ நூல்கள் இன்றளவும் அந்த எண்களை எடுத்தாளுகின்றன. 2010இல் அத்தொழிலாளருள் 75 பேரைத் தேடிக் கண்டு மீண்டும் அளந்தபோது, சராசரியாக 13 பற்கள் போயிருந்தன. ஏட்டில் எண்ணாக நிற்கும் ஒவ்வொரு பல்லும் ஓர் ஏழைத் தமிழன் சோறு மென்ற பல் என்பதை நாமேனும் மறவாதிருப்போம். அவர்தம் வாயிலிருந்து கிடைத்த அறிவை நாம் பயன்படுத்தாமல் விடுவது இரட்டை நன்றிகேடு ஆகும்.

வாயிலிருந்து உடலுக்கு

ஈற்றுக்கும் பல்லுக்கும் இடையே படியும் மெல்லிய கிருமிப்படலம் நாளடைவில் சுண்ணாம்புபோல் இறுகிக் காரையாகிறது. ஈறு சிவந்து வீங்கி, பல்லினின்று விலகிப் பையாகிறது. அப்பைக்குள் சீழும் கிருமியும் தங்குகின்றன. முற்றிய நோயாளியின் வாயிலுள்ள இத்தகைய புண்களையெல்லாம் ஒன்றுசேர்த்தால் உள்ளங்கையளவு புண்ணுக்கு ஒப்பாகும் என்பர் மருத்துவர். கையில் அவ்வளவு புண் இருந்தால் ஒருநாளேனும் வாளாவிருப்போமா? வாய்ப்புண் வலிக்காததால் ஆண்டுக்கணக்கில் பொறுத்திருக்கிறோம். அதன் அழற்சிப் பொருள்கள் இரத்தத்தில் கலந்து உடலெங்கும் செல்கின்றன.

இவ்வுறவு மிகத் தெளிவாகப் புலனாவது நீரிழிவிலேயே. சர்க்கரை மிகுந்தால் ஈற்று நோய் முற்றுகிறது. ஈற்று நோய் முற்றினால் சர்க்கரை அடங்க மறுக்கிறது. கண், சிறுநீரகம், நரம்பு முதலியவற்றுக்கு நேரும் கேடுகளோடு ஆறாவது கேடாக ஈற்று நோயையும் 1993இல் அதே லோ எண்ணிச் சேர்த்தார். ஈற்று நோய்க்கு முறையாக மருத்துவம் செய்தால் மூன்று நான்கு மாதங்களில் மும்மாதச் சர்க்கரை அளவு ஏறத்தாழ 0.4 விழுக்காடு குறைவதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தோர் 2022இல் உரைத்தனர். 2023இல் வெளியான தேசிய ஆய்வு இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவுடையோர் எனக் கணக்கிட்டுள்ளது. நம் குடும்பங்களில் இது எட்டிப் பார்க்காத வீடு எது?

இதயத்தைப் பற்றி அளவோடு பேச வேண்டும். 1989இல் பின்லாந்து நாட்டு மருத்துவர்கள் மாரடைப்பு நேர்ந்த 100 பேரையும் பிற 102 பேரையும் ஒப்பிட்டு, முன்னவரின் வாய்நலம் குன்றியிருந்ததைக் கண்டனர். அதன்பின் ஆய்வுகள் பெருகின. அமெரிக்க இதயக் கழகம் 2012இல் அவற்றையெல்லாம் சீர்தூக்கி, உறவு உண்டு. ஆனால் ஈற்று நோயே மாரடைப்பை விளைவிக்கிறது என்பதற்கோ, ஈற்று மருத்துவம் மாரடைப்பைத் தடுக்கும் என்பதற்கோ சான்று போதாது என்றது. கருவுற்ற பெண்டிர் நிலையும் இத்தகையதே. ஈற்று நோயுள்ள தாய்மார்க்குக் குறைமாதப் பிரசவம் மிகுதி என 1996இல் ஓர் ஆய்வு கூறிற்று. 2006இல் வெளியான மற்றோர் ஆய்வு, கர்ப்ப காலத்தில் ஈற்று மருத்துவம் செய்வது தீங்கற்றது, ஆனால் அதனால் குறைமாதப் பிரசவம் குறையவில்லை என்று காட்டிற்று. எனவே பிள்ளை பெறும் வரை பல் மருத்துவரிடம் போகலாகாது என்னும் அச்சம் வேண்டா. பல்லைப் பிடுங்கினால் எல்லா நோயும் போகும் என்னும் பழைய மயக்கமும் வேண்டா.

முடிவாக

எமக்கு நாற்பத்தெட்டு வயதானபோது சர்க்கரை இருப்பது தெரிந்தது. அதற்கு ஓராண்டு முன்னரே எம் ஈற்றில் இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. ஹஜ்ரத்தின் குச்சி நினைவுக்கு வரவே, அஞ்சி மருத்துவரிடம் சென்றோம். கடைவாய்ப் பற்கள் இரண்டு தப்பவில்லை. காரை நீக்கியபின் மற்றவை நிலைத்தன. இன்றும் மாணவர்க்கு ஸா எழுத்தை நாமே சொல்லிக் காட்டுகிறோம், அல்ஹம்துலில்லாஹ். எம் ஆசானுக்கு வாய்க்காதது எமக்கு வாய்த்தது எம் சிறப்பால் அன்று. காலத்தால் கிடைத்த அறிவால்.

ஆகவே வாசக அன்பர்களுக்கு நாம் சொல்வது இது. ஈற்றில் கசியும் இரத்தம் உடற்சூடன்று. அது நோயின் முதற்குறி. காலையும் இரவும் பல்லின் எல்லாப் பக்கமும், இடுக்குகளும் தூய்மையாகத் துலக்க வேண்டும். புகையிலையையும் பாக்கையும் விட வேண்டும். ஆண்டுக்கொரு முறையேனும், சர்க்கரையுடையோர் மருத்துவர் சொல்லும் கால அளவிலும், காரையை நீக்கிக்கொள்ள வேண்டும். வீட்டிலுள்ள முதியோர் மெல்ல மாட்டாமல் கஞ்சியோடு நிறுத்திக்கொண்டால், வயதென்று விட்டுவிடாமல் அவர்கள் வாயைத் திறந்து பார்க்க வேண்டும். குறிப்பாகத் தாய்மார்கள் தம் வலியைச் சொல்வதில்லை. பிள்ளைகளே கேட்டறிய வேண்டும்.

நம் மதரசாக்களில் பற்களின் பெயர்களை இன்றும் பிள்ளைகள் விரல் மடக்கி எண்ணுகிறார்கள். அவற்றை எண்ணக் கற்பிக்கும் நாம் காக்கவும் கற்பிப்போமாயின், எந்த ஆசானும் ஓர் எழுத்தின் முன் நின்று மாணவன் முகத்தைப் பார்க்கும் நிலை வாராது. வல்ல அல்லாஹ் நமக்கு நலமான உடலையும், திருந்திய நாவையும், அவனை ஓதும் வாய்க்குத் தூய்மையையும் தந்தருள்வானாக! ஆமீன்.